விடுதலை என்றால் கையில் என்ன?

(தோட்டக் கிளையின் பொதுக்கூட்டத்தில் ஆகஸ்டு மாதம் ஆற்றிய சொற்பொழிவு)



விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, மரம் வெட்டி, பால் எடுத்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே பல விஷயங்களைப் பேசி உங்கள் பொறுமையைச் சோதிக்க நாங்கள் விரும்பவில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுவதற்கே வந்திருக்கிறோம். அந்தச் சொல் விடுதலை. ஆகஸ்டு மாதம் பிறந்தால் கொடியோடு சேர்ந்து காற்றில் பறக்கும் சொல் அது. தமிழில் விடுதலை என்போம், சுதந்திரம் என்போம். மலாயில் மெர்டேக்கா என்போம். எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல என்பதே எங்கள் கட்சி. அதைச் சொல்லுமுன், இந்தப் பேச்சுக்குக் காரணமான ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு கடிதம் வந்தது

ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடியதுதான். அங்கே ஓர் அம்மாள். பதினேழு வயதில் உளி பிடித்தவர், அறுபது வயது வரை பிடித்திருந்தார். அவர் வெட்டிய மரங்கள் ஒரு முறை சாய்க்கப்பட்டு, மறுநடவு செய்யப்பட்டு, அந்தக் கன்றுகளும் வளர்ந்து அவர் கையாலேயே வெட்டுக்கு வந்தன. ஒருநாள் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. கிராணியாக இருக்கும் ஒரு வாலிபரிடம் கொண்டுபோய் நீட்டினார்.

வாலிபர் படித்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "அம்மா, அறுபது ஆயிருச்சு. உங்கள வேலையிலேருந்து விடுதலை பண்றாங்க. மாசக் கடைசிக்குள்ள வீட்டுச் சாவிய ஆபீஸ்ல குடுத்துடச் சொல்லி எழுதியிருக்கு."

அம்மாள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்: "விடுதலைங்கிறது நல்ல சொல்லாச்சே தம்பி. நல்ல சொல்லப் போட்டு ஏன் என் வீட்டக் கேக்குறாங்க?"

வாலிபருக்குப் பதில் வரவில்லை. அன்று மாலையே கடிதத்தோடு சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். எங்களுக்கும் உடனே பதில் வரவில்லை. அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில் தேடியதன் பயன்தான் இந்தப் பேச்சு.

விடுகிறவன் யார்?

நம் மொழியில் 'விடு' என்பது மிகச் சின்னச் சொல். மாட்டை அவிழ்த்து விடுகிறோம். கையை விடு என்கிறோம். சிறையிலிருந்து விட்டார்கள் என்கிறோம். இம்மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். விடுகிறவன் வேறு, விடப்படுவது வேறு. பிடித்திருந்தவன்தான் விடுகிறான். அவன் எப்போது விடுவான், எங்கே விடுவான், ஏன் விடுவான் என்பதெல்லாம் அவன் கையில் இருக்கிறது.

ஆனால் தமிழ் அத்தோடு நின்றுவிடவில்லை. 'விடுவித்தல்' என்று ஒரு சொல் உண்டு. 'விடுபடுதல்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. விடுவிப்பது மற்றவன் செய்யும் காரியம். விடுபடுவது நாம் செய்யும் காரியம். விடுதலை என்னும் பெயர்ச்சொல் இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால், யார் செய்த காரியம் என்பது மறைந்து போகிறது. அந்தக் கடிதத்தில் நடந்ததும் இதுதான். விடுவித்தவர்கள் ஆபீசார், அம்மாளோ எதிலிருந்தும் விடுபடவில்லை.

ஆங்கிலத்தில் 'எமான்சிபேஷன்' என்று சொல்வதும் இதே ரகம்தான். அது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அதன் வேரில் 'கை' என்ற சொல் இருக்கிறது. பழைய ரோமாபுரியில் தகப்பன் தன் மகனைத் தன் அதிகாரப் பிடியிலிருந்து சட்டப்படி விடுவதற்கு அந்தப் பெயர். கையிலிருந்து விடுவது என்றே பொருள். அங்கேயும் பேச்செல்லாம் விடுகிற கையைப் பற்றியதுதான். விடப்பட்டவன் கையில் என்ன இருந்தது என்று அந்தச் சொல் கேட்கவில்லை.

சரித்திரமும் அப்படித்தான் நடந்தது. 1833-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் செய்தது. 1834 ஆகஸ்டு 1-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நஷ்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கினார்கள். யாருக்கு? சாட்டையடி பட்ட அடிமைக்கா? இல்லை. அடிமையை வைத்திருந்த எஜமானுக்கு! மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் விடுவிக்கப்பட்டவர்களுக்குக் காசும் இல்லை, காணியும் இல்லை. பெரும்பாலான இடங்களில் 'பயிற்சியாளர்' என்று புதுப் பெயர் சூட்டி, பழைய எஜமானுக்கே மறுபடியும் உழைக்க வைத்தார்கள். 1838-இல்தான் அந்த ஏற்பாடு முடிந்தது.

அதன்பிறகு அந்தத் தோட்டங்களுக்கு மலிவான ஆள் வேண்டியிருந்தது. அப்போதுதான் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் மொரிஷியசுக்கும், கயானாவுக்கும், டிரினிடாடுக்கும் கப்பல் ஏறினார்கள். அதே ஒப்பந்த முறையில்தான் நம் முன்னோர் பினாங்குக்கும் புரோவின்ஸ் வெல்லெஸ்லிக் கரும்புத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். ஒருவனை வெறுங்கையோடு விட்டார்கள். அந்த இடத்துக்கு இன்னொருவனைப் பிடித்தார்கள்.

சுதந்திரம் என்றால் பங்கு

இனி இரண்டாவது சொல்லுக்கு வருவோம். சுதந்திரம் என்பது வடமொழியிலிருந்து நமக்கு வந்தது. 'சுவ' என்றால் தன்னுடையது; 'தந்திரம்' என்றால் நடைமுறை, ஆட்சி. தன் ஆட்சி தன்னிடம் இருப்பது என்று பண்டிதர்கள் பொருள் சொல்வார்கள். அது சரியே. ஆனால் நம் பாட்டன் பூட்டன் கிராமத்தில் இந்தச் சொல்லை வேறொரு விதமாகவும் வழங்கினார்கள். அது இன்று பலருக்குத் தெரியாது.

களத்து மேட்டில் நெல் அளக்கும்போது கணக்குப்பிள்ளை, தலையாரி, தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியான் முதலியோருக்கு ஊர் வழக்கப்படி ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். அந்தப் பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். பழைய நிலக் கணக்குகளில் இந்த வழக்கைக் காணலாம். தமிழ் பைபிளைப் படிக்கும் சகோதரர்கள் 'சுதந்தரம்' என்ற சொல்லை அறிவார்கள். அங்கே அதற்குப் பரம்பரைச் சொத்து என்று பொருள்.

அந்தப் பங்கு எல்லோருக்கும் சமமாக இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. சாதிக்குச் சாதி அளவு மாறியது. அந்த அநியாயத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று உண்டு. அது தர்மம் அல்ல, பிச்சை அல்ல. உழைத்தவன் களத்தில் நின்று, 'என் சுதந்திரத்தை அள' என்று கேட்டு வாங்கும் பாத்தியம்.

இப்போது இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுதலை என்பது எதை விட்டு வந்தோம் என்று சொல்கிறது. சுதந்திரம் என்பது நம் கையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால் என்ன ஆகும்? அந்த அம்மாளைப் போல், சாவியைக் கொடுத்துவிட்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

மெர்டேக்கா பிறந்த கதை

இந்த நாட்டின் சொல்லாகிய மெர்டேக்காவுக்கு வருவோம். இதுவும் வடமொழி வழியாக வந்த சொல்லே. 'மஹர்த்திக' என்றால் பெருஞ்செல்வமும் ஆற்றலும் உடையவன் என்று பொருள். தீவுகளுக்கு வந்தபின் அந்தச் சொல்லின் பொருள் நகர்ந்தது. பிலிப்பைன்சில் 'மஹர்லிக்கா' என்று வழங்கி, கப்பம் கட்டாத சுயாதீன மக்களைக் குறித்தது. மலாயில் 'மெர்டெஹேக்கா' என்று ஆகி, அடிமையல்லாதவனைக் குறித்தது. பழைய மலாக்கா சட்ட நூலில் அடிமைக்கு ஒரு விதி, 'மெர்டெஹேக்கா' ஆனவனுக்கு வேறு விதி என்று பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இன்று ஒரு தேசத்துக்குச் சூட்டும் இந்தச் சொல், முன்பு ஒரு தனி மனிதனின் கழுத்தில் நுகம் இருக்கிறதா இல்லையா என்று காட்டும் சொல்லாக இருந்தது.

இதில் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி பழவேற்காடு முதலிய சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்குக் கொண்டுபோயிற்று. பத்தாவியா என்பது இன்றைய ஜாக்கார்த்தா. வங்காளம், மலையாளக் கரை முதலிய இடங்களிலிருந்தும் அடிமைகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் விடுவிக்கப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு 'மார்டைக்கர்' என்று பெயர் வந்தது. மெர்டேக்கா என்ற சொல்லைத்தான் டச்சுக்காரர் வாயில் அப்படிச் சொன்னார்கள்.

மார்டைக்கர் ஆனவர்கள் அடிமைகள் அல்ல. ஆனால் வெள்ளையருக்குச் சமமும் அல்ல. கம்பெனிக்காகத் துப்பாக்கி பிடிக்கும் தனிப் பட்டாளங்களில் அவர்களைச் சேர்த்தார்கள். 1661-இல் அவர்களில் 23 குடும்பங்களுக்கு ஊருக்கு வெளியே துகு என்னுமிடத்தில் நிலம் கிடைத்தது. அந்தத் துகு கிராமத்துச் சமூகம் தன் கோயிலோடும் தன் பாட்டோடும் இன்றும் இருக்கிறது. நகரத்துக்குள் இருந்த மற்ற மார்டைக்கர் காலப்போக்கில் பிற மக்களோடு கலந்து, தனிப் பெயர் இல்லாமல் போனார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் என்ற பெயர் இருசாராருக்கும் இருந்தது. ஒரு சாராருக்கு மட்டும் காலூன்ற மண்ணும் இருந்தது.

சஞ்சி ஒழிந்தது, பிறகு?

நம் தோட்டத்துக் கதைக்குத் திரும்புவோம். ஒப்பந்தத்தில் வந்தவர்களை நம்மவர் 'சஞ்சிக் கூலி' என்றார்கள். மலாயில் 'ஜஞ்சி' என்றால் வாக்குக் கொடுப்பது. வாக்குக் கொடுத்தவன் தொழிலாளி. அவன் கைநாட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டியவன் முதலாளி. ஒப்பந்தத்தை மீறினால் சிறை. 1910-ஆம் ஆண்டில் மலாயாவில் இந்தச் சஞ்சி முறையை ஒழித்தார்கள். அன்று முதல் கூலி சுதந்திரமானவன் என்று காகிதத்தில் எழுதினார்கள்.

காகிதத்தில் எழுதியது உண்மைதான். ஆனால் அவன் கங்காணி வழியாக வந்தான். கங்காணி கையில் கணக்குப் புத்தகம் இருந்தது. குடியிருந்த லயம் தோட்டத்துடையது. அரிசி வாங்கிய கடையில் பற்று. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தோட்டத்து எல்லைக்குள். மாலையில் கள்ளுக்கடையும் எல்லைக்குள்ளேயே. வெளியே போகலாம், யாரும் சங்கிலி போடவில்லை. போனால் எங்கே படுப்பது? சஞ்சி ஒழிந்தபின்னும் மனிதனைக் கட்டி வைத்திருந்தது இந்த ஒரு கேள்விதான். 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாட்கள் செலவு பெற்று வருவதைத் தடை செய்தது. அதற்குள் இங்கே வந்துவிட்டவர்களுக்கு இந்தக் கேள்வி அப்படியே நின்றது.

சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம்

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் முன்னின்றார். அன்று தொழிலாளர் வைத்த கோரிக்கைகளை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். முறையான வைத்தியம் வேண்டும். நம் பெண்களிடம் தவறாக நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். கூட்டம் கூடவும் பேசவும், சங்கம் வைக்கவும் உரிமை வேண்டும். உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. இவற்றோடு இன்னொன்று: தொரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இந்தப் பட்டியலில் 'விடுதலை' என்ற சொல்லைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியும் அதுதான். எங்களை விடு என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. எங்களுக்கு இன்னின்னது வேண்டும் என்று எண்ணிக் கேட்டார்கள். சைக்கிளில் உட்கார்ந்தே போகிறேன் என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் தன் உடம்பைத் தான் வைத்துக்கொள்ள உரிமை இல்லாதவனுக்கு அது சின்ன விஷயம் அல்ல. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தார்கள்.

கிராணிமார்களே, இங்கே உங்களிடம் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளக் கூடாது. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் அல்ல. அந்தக் கோரிக்கையில் ஆசிய ஊழியர்களும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறார்கள். ஆசிய ஊழியர் என்றால் நம் நிறத்தவர். சட்டையின் வெளுப்பு மனிதனை மனிதனிடமிருந்து எவ்வளவு தூரம் பிரித்தது பாருங்கள். இன்று ஒரு கிராணி வாலிபர், படிக்கத் தெரியாத அம்மாளின் கடிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு ஓடி வருகிறார் என்றால், அந்தத் தூரம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவும் 1941-இல் தொடங்கிய விடுபடுதலின் ஒரு பகுதிதான்.

போர் வந்தது. சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவர் காட்டில் மடிந்தார்கள். அதே ஆண்டுகளில் சுபாஷ் சந்திர போஸ் 1943-இல் சிங்கப்பூரில் 'ஆசாத் ஹிந்த்' அரசைப் பிரகடனம் செய்தார். ஆசாத் என்பது பாரசீகச் சொல். அதற்கும் சுதந்திரமான என்றே பொருள். தோட்டத்து ஆணும் பெண்ணும் உளியை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தார்கள். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் அணிவகுத்தார்கள். போரில் தோற்றார்கள். ஆனால் தொரையைக் கண்டால் குனியும் முதுகு அதன்பிறகு பழையபடி குனியவில்லை.

ஏழு முறை முழங்கிய சொல்

1956 பிப்ரவரி 8-இல் லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிப்ரவரி 20-இல் துங்கு அப்துல் ரஹ்மான் மலாக்காவில் பண்டா ஹிலிர் திடலில் சுதந்திர நாளை அறிவித்தார். எந்த மலாக்காவின் பழைய சட்டத்தில் மெர்டெஹேக்கா என்பது அடிமையல்லாத தனி மனிதனுக்குப் பெயராக இருந்ததோ, அதே மலாக்காவில் அது ஒரு நாட்டுக்குப் பெயராயிற்று. 1957 ஆகஸ்டு 31-இல் கோலாலம்பூர் ஸ்டேடியத்தில் துங்கு அந்தச் சொல்லை ஏழு முறை முழங்கினார். கூடியிருந்த மக்கள் எதிரொலித்தார்கள். நாம் சொன்ன அம்மாளின் தகப்பனாரும் அந்த வாரம் லாரியில் ஏறிப் பட்டணம் போய்க் கொடியைப் பார்த்துவிட்டு வந்தவராம்.

அந்தச் சொல் நமக்கும் சொந்தமாயிற்றா? ஆயிற்று, ஆனால் தானாக ஆகவில்லை. சுதந்திரம் வந்த காலத்திலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலையும் போயிற்று, லயமும் போயிற்று. யாரும் அவர்களைப் பிடித்து வைக்கவில்லை, முழு விடுதலை! ஆனால் சட்டி பானையோடு ரோட்டோரம் நிற்கும் விடுதலை. குடியுரிமைப் பத்திரம் எடுக்காதவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்தார்கள். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தது. 1969-க்குப் பிறகு அது இறுகியபோது பல்லாயிரவர் மூட்டை கட்டிக் கப்பலேறினார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு நீலக் கார்டு கையில் இல்லாததால் மெர்டேக்கா அவர்கள் கையை விட்டு நழுவியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தனியாளாக ஆபீஸ் வாசலில் நின்றவன், மேசைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கூலி பேசினான். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைக் கூட்டுறவு முதலில் வாங்கியது. கோஷத்தில் கேட்ட சுதந்திரம், களத்துமேட்டில் அளக்கும் பழைய பொருளிலேயே, பங்காக, அங்கே கைக்கு வந்தது. பங்குச் சீட்டைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்களுக்கு அதன் ருசி தெரியும்.

இன்றைய கணக்கு

இன்று நிலைமை என்ன? குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் என்று சட்டமாயிற்று. 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆயிற்று. இது போராடிப் பெற்றது, யாரும் இரங்கிப் போட்டது அல்ல. ஓய்வு பெறும் வயதை 60 ஆக்கிய சட்டம் 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சேமநிதி 1951 முதல் இருக்கிறது. ஆனால் நாட்கூலிக் காலத்தில் சேர்ந்த சேமநிதி எவ்வளவு இருக்கும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. வீட்டைப் பற்றி 1990-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. தொழிலாளியின் வீடு எப்படி இருக்க வேண்டும், என்ன வசதி வேண்டும் என்று அது சொல்கிறது. வேலை முடிந்த மறுநாள் அந்த வீடு யாருக்கு என்ற கேள்வி வந்தால், அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியாது.

நாற்பத்து மூன்று ஆண்டு ஒரு கூரைக்குக் கீழே வாழ்ந்து, வாசலில் முருங்கை நட்டு, மூன்று பிள்ளை பெற்று வளர்த்தாலும், தோட்டத்து வீடு கடைசி வரை தோட்டத்து வீடுதான். இதுதான் அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில். நல்ல சொல்லைப் போட்டு ஏன் வீட்டைக் கேட்டார்கள்? அவர்கள் போட்டது விடுவிக்கும் சொல். அம்மாளுக்கு வேண்டியது பங்குச் சொல். அந்தச் சொல் கடிதத்தில் இல்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இன்று நம் பக்கத்து நிரையில் வேலை செய்பவர் இந்தோனேசியச் சகோதரர், வங்காளதேசத்துத் தம்பி, நேப்பாளத்துத் தம்பி. ஊரில் ஏஜெண்டுக்குக் கடன் பட்டு வருபவர் அவர்களில் எத்தனையோ பேர். சிலருடைய பாஸ்போர்ட் அவர்களிடம் இல்லை. வேறொருவர் அலமாரியில் இருக்கிறது. மற்றவர் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பது 1966-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். கடன், கைநாட்டு, பூட்டிய பெட்டி: இந்தக் கதையை நாம் எங்கோ கேட்டிருக்கிறோமா இல்லையா? நம் பாட்டன் கதைதான் அது. அவர்கள் வந்ததால் நம் கூலி குறைந்தது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. கூலியைக் குறைப்பவன் அவன் அல்ல. அவன் கட்டுண்டு கிடக்கும்வரை நம் பேரத்துக்கும் பலம் இருக்காது. தனக்கு ஒரு மெர்டேக்கா, அடுத்தவனுக்கு ஒரு சஞ்சி என்று வைத்துக்கொண்டு எந்தச் சங்கமும் பிழைத்ததில்லை.

இனி செய்ய வேண்டியது

தோழர்களே, சொல்லாராய்ச்சி பண்டிதருக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். கையெழுத்துப் போடுகிறவனுக்குத்தான் அது மிகவும் வேண்டும். விடுதலை, விடுவிப்பு, சலுகை, ஓய்வு என்று எந்த நல்ல சொல் போட்ட காகிதம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். விடுகிறவன் யார்? எதிலிருந்து விடுகிறான்? விட்டபின் நம் கையில் என்ன இருக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத காகிதத்தில் அன்றே கைநாட்டு வைக்காதீர்கள். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். கடிதத்தை மொழிபெயர்த்துச் சொல்லும்போது முழுவதையும் சொல்லுங்கள். 'விடுதலை' என்று முடித்துவிடாமல், 'வேலையை நிறுத்துகிறார்கள், வீட்டைக் கேட்கிறார்கள், இத்தனை நாள் தவணை, இன்ன பணம் வரவேண்டும்' என்று பிரித்துச் சொல்லுங்கள். உங்கள் நாக்கில்தான் அந்தக் குடும்பத்தின் கூரை தொங்குகிறது.

கிளைக்கு ஒரு வேலை. இன்னும் ஐந்து ஆண்டுக்குள் அறுபதை எட்டுகிறவர்கள் யார் யார், எத்தனை வருஷ வேலை, சேமநிதி எவ்வளவு, சொந்த வீடு உண்டா இல்லையா என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். கடிதம் வந்தபின் ஓடுவதில் பயன் குறைவு. வருமுன்பே அந்தப் பட்டியலை மேசை மேல் வைத்து, ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சொந்த வீட்டுத் திட்டம் என்ன என்று நிர்வாகத்திடமும் அரசாங்கத்திடமும் கேட்க வேண்டும். 1941-இல் நம்மவர் எண்ணிக் கேட்டதுபோல் எண்ணிக் கேட்க வேண்டும்.

அந்த அம்மாளின் காரியம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். செயலாளரும் அந்தக் கிராணி வாலிபரும் அவரோடு ஆபீசுக்குப் போனார்கள். பேசியதன் மேல் மூன்று மாதம் தவணை கிடைத்திருக்கிறது. வெற்றி என்று கைதட்ட வேண்டாம். தவணை சுதந்திரம் அல்ல. மூன்று மாதம் கழித்து அந்தச் சாவி மறுபடியும் கேட்கப்படும். அதற்குள் நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் இந்தக் கூட்டத்தின் முன் உள்ள தீர்மானம். தலைவர் அதை வாசிப்பார். கையைத் தூக்குமுன் ஒருமுறை அந்த அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சாவி அவர் முந்தானையில் முடிந்திருக்கிறது.

விடுபட்டோம் என்பதோடு நின்றுவிடாமல், நம் பங்கையும் அளந்து பெறுவோம். வாழ்க உழைப்பாளர் ஒற்றுமை!